கடந்துபோகிற வழியில் கிடைக்கும் பாடங்கள்: இயற்கையிலும் அன்றாடக் காட்சிகளிலும் ஆவிக்குரிய பாடம் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

நீதிமொழிகள் 24-ம் அதிகாரத்தின் கடைசியில் ஒருவர் எங்கேயோ நடந்து போகிறார். வழியில் ஒரு சோம்பேறியின் வயல். முள் மண்டிக் கிடக்கிறது, காஞ்சொறி தரையை மூடியிருக்கிறது, கற்சுவர் இடிந்து விழுந்திருக்கிறது. அதே வழியாக எத்தனையோ பேர் போயிருப்பார்கள், இவர் மட்டும் நின்று பார்க்கிறார். பார்த்துவிட்டு, "அதைக் கண்டு சிந்தனைபண்ணினேன், அதை நோக்கிப் புத்தியடைந்தேன்" என்று எழுதிவைக்கிறார். கடந்துபோனார், கண்டார், சிந்தித்தார், புத்தியடைந்தார். இந்த வழிகாட்டி முழுக்க இந்த நான்குக்குள் அடங்கிவிடும்.

பிரச்சினை என்னவென்றால், நம்மில் பலர் நடுவில் இருக்கும் இரண்டையும் தாண்டிக் குதித்துவிடுகிறோம். சூரியன் மறைவதைப் பார்த்தால் "ஆண்டவர் எவ்வளவு பெரியவர்", பூவைப் பார்த்தால் "கவலைப்படக் கூடாது", விதையைப் பார்த்தால் "விசுவாசம் வேண்டும்". இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பூவைப் பார்க்காமலே இதைச் சொல்லியிருக்க முடியும், ஏற்கெனவே தெரிந்ததைப் பூவின்மேல் ஒட்டிவிட்டு வந்துவிட்டோம். பாடம் ஆழமாக வராததற்குக் காரணம் பெரும்பாலும் பக்திக் குறைவு இல்லை, பார்வைக் குறைவுதான். அதனால் இங்கே அதிக இடம் பார்ப்பதற்குத்தான்.

இதற்கு வேதத்தில் இடம் இருக்கிறதா?

இருக்கிறது, தாராளமாக. "மிருகங்களைக் கேட்டுப்பார், அவைகள் உனக்குப் போதிக்கும்" என்று யோபு 12:7 சொல்கிறது. சாலொமோன் லீபனோனின் கேதுரு மரம் முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்புப் பூண்டு வரைக்கும் பேசினார் என்று 1 இராஜாக்கள் 4:33-ல் வாசிக்கிறோம். இயேசு காட்டுப்புஷ்பங்களைக் காட்டும்போது "கவனித்துப் பாருங்கள்" என்றார், அவை எப்படி வளருகின்றன என்று பார்க்கச் சொன்னார். எனக்கு இன்னும் பிடித்த இடம் லூக்கா 14:7. ஒரு வீட்டில் விருந்து, வந்தவர்கள் எந்த இடத்தைப் பிடித்து உட்காருகிறார்கள் என்பதை இயேசு பார்க்கிறார், அங்கேயே ஒரு உவமை பிறக்கிறது. மலையும் கடலும் வேண்டும் என்று அவசியம் இல்லை, நாலு பேர் உட்காரும் இடமும் போதும்.

சபை வரலாற்றிலும் இது பழைய பழக்கம். 1561-ல் எழுதப்பட்ட, சீர்திருத்த சபைகளின் பெல்ஜிக் விசுவாச அறிக்கை, படைப்பை ஓர் அழகான புத்தகம் என்றும் சிறிதும் பெரிதுமான உயிர்களை அதன் எழுத்துகள் என்றும் சொல்கிறது. ஆனால் அதே அறிக்கை, தேவன் தம்மை இன்னும் தெளிவாக வெளிப்படுத்துவது தமது வார்த்தையில்தான் என்று உடனே சேர்த்துக்கொள்கிறது. இந்த வரிசை முக்கியம், நாலாம் படியில் இதற்குத் திரும்ப வருவோம்.

படி 1: ஒன்றை மட்டும் எடுங்கள், அதன் முன்னால் நில்லுங்கள்

"இயற்கை" என்று மொத்தமாகப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. மரத்தைப் பார்க்காதீர்கள், ஒரு கிளையைப் பாருங்கள், அதிலும் ஓர் இலை போதும். எறும்புகளை அல்ல, ஓர் எறும்பு எங்கிருந்து எங்கே போகிறது என்பதைத் தொடர்ந்து பாருங்கள். பத்து நிமிடம். முதல் இரண்டு நிமிடத்தில் எல்லாம் பார்த்தாயிற்று என்று தோன்றும், கை தானாகப் போனைத் தேடும். அந்தச் சலிப்புக்குப் பிறகுதான் கண் வேலை செய்ய ஆரம்பிக்கிறது.

போட்டோ எடுப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவுடன் மனசு "சரி, முடிந்தது" என்று கிளம்பிவிடும்.

படி 2: பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு, கண்டதை எழுதுங்கள்

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் "தேவன்", "விசுவாசம்", "சோதனை" என்ற சொற்களே வரக் கூடாது. கடுமையான விதி மாதிரி தெரியும், ஆனால் இது இல்லாமல் மற்ற எதுவும் நடக்காது.

ஜன்னலோரத்தில் ஒரு தொட்டிச்செடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் தெரிந்த காட்சிதான், செடி வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்திருக்கும். அவசரமாகப் பார்ப்பவர் "நாமும் தேவனுடைய வெளிச்சத்தை நோக்கித் திரும்ப வேண்டும்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். நீங்கள் அப்படிப் போகாமல் எழுதுங்கள்: தண்டின் அடிப்பகுதி நேராகத்தான் இருக்கிறது, வளைவு மேலே இருக்கிறது. முற்றிய தண்டு வளையவில்லை, இளந்தண்டுதான் வளைந்திருக்கிறது. தொட்டியைத் திருப்பி வைத்தால் சில நாட்களில் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்புகிறது. இலைகள் ஒன்றை ஒன்று மறைக்காதபடி விலகி நிற்கின்றன. இப்படி ஆறேழு வரி.

பிறகு கேள்விகளை எழுதுங்கள். எப்படி வளைகிறது? எந்தப் பக்கம் வேலை நடக்கிறது? வெளிச்சம் படும் பக்கத்திலா, படாத பக்கத்திலா? பதில் தெரியாவிட்டாலும் கேள்வி நோட்டில் இருக்கட்டும்.

அமெரிக்க இறையியலாளர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் இளம் வயதிலேயே, சிலந்திகள் நூலை விட்டுக் காற்றில் மிதந்து போவதை உற்றுப் பார்த்து 1723-ல் ஒரு நீண்ட கடிதமாக எழுதினார். இயற்கையில் தெய்வீகக் காரியங்களின் சாயல்களைக் குறித்துவைக்கத் தனியாக ஒரு நோட்டும் பின்னாளில் வைத்திருந்தார், அதில் 200-க்கும் மேற்பட்ட குறிப்புகள் சேர்ந்தன. சிலந்தியைச் சிலந்தியாகவே பார்க்கத் தெரிந்தவர் அவர். நாம் அவருடைய பிரசங்கத்தைப் பின்பற்றுகிறோமோ இல்லையோ, அந்தப் பழக்கத்தைப் பின்பற்றலாம்.

படி 3: நடக்கிறது என்று நினைப்பது உண்மையில் நடக்கிறதா?

இங்கே கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. கழுகுக் கதை உங்களுக்கும் வந்திருக்கும். 40 வயதானதும் கழுகு மலையுச்சிக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களையும் இறகுகளையும் பிடுங்கிப் போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, புதிதாக முளைத்தபின் 70 வயதுவரை வாழ்கிறதாம். பிரசங்கங்களில் வருகிறது, வாட்ஸ்அப்பில் வருகிறது, கழுகைப்போல வாலவயது திரும்புவதைச் சொல்லும் சங்கீதம் 103:5-ஐயும் கூடவே ஒட்டிவிடுகிறார்கள். இப்படி எந்தக் கழுகும் செய்வதில்லை. அலகு உடைந்தால் கழுகு பட்டினியில் சாகும். இயற்கையில் வாழ்ந்த வெண்தலைக் கழுகுகளில் உறுதியாகத் தெரியவந்த மிக அதிக வயதே 38 தான்.

பொய்யை வைத்து உண்மையைத் தாங்க வைக்க முடியாது என்பது ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம், நிஜமான கழுகிடம் இதைவிட நல்ல பாடம் இருக்கிறது என்பதுதான். கழுகு தன் இறகுகளை ஒரேயடியாக உதிர்ப்பதில்லை. சில இறகுகள் விழும், அந்த இடத்தில் புதியவை வளரும், பிறகு வேறு சில விழும். அதனால் புதுப்பிக்கப்படும் காலம் முழுக்க அதனால் பறக்கவும் வேட்டையாடவும் முடிகிறது. குகைக்குள் ஒளிந்துகொண்டு இல்லை, வேலைக்கு நடுவிலேயே. இப்போது 2 கொரிந்தியர் 4:16-ஐ எடுத்துப் பாருங்கள்: உள்ளான மனுஷன் "நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது". கட்டுக்கதை சொன்னது ஒரே ஒரு வீரச் செயல், பவுல் சொல்வது நாளுக்குநாள் நடப்பது. உண்மையான பறவை பவுலின் பக்கம் நிற்கிறது.

இதே மாதிரி, வழிதப்பும் ஆட்டுக்குட்டியின் காலை மேய்ப்பன் உடைத்துத் தோளில் சுமப்பான் என்று ஒரு கதை சுற்றுகிறது. வேதத்தில் அது கிடையாது. லூக்கா 15-ல் மேய்ப்பன் ஆட்டைக் கண்டுபிடித்துச் சந்தோஷத்தோடு தோளில் போட்டுக்கொள்கிறான், அவ்வளவுதான். இந்தக் கதை தேவனைப் பற்றி என்ன சொல்லித் தருகிறது என்று ஒரு நிமிடம் யோசித்தாலே அதை ஏன் விட்டுவிட வேண்டும் என்று புரியும்.

ரொம்பப் பழகிப்போன உவமைக்கும் உண்மை புது உயிர் கொடுக்கும். சந்திரனுக்குச் சொந்த ஒளி இல்லை, நாமும் அப்படித்தான் என்று கேட்டுக் கேட்டுச் சலித்திருப்போம். ஆனால் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 12 சதவீதத்தைத்தான் சந்திரன் திருப்பி அனுப்புகிறது, அதன் தரை தேய்ந்த தார்ச்சாலை அளவுக்குக் கறுப்பு. அந்தக் கறுத்த பாறைதான் ராத்திரி முழுக்க வழிகாட்டுகிறது. "இந்தப் பொக்கிஷத்தை மண்பாண்டங்களில் பெற்றிருக்கிறோம்" என்ற வசனத்தை அதன்பிறகு வாசித்தால் வேறு மாதிரி கேட்கும்.

சரி, நம் தொட்டிச்செடிக்கு வருவோம். வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதை உணர்வது தளிரின் நுனி. சார்லஸ் டார்வினும் அவர் மகனும் 1880-ல் வெளியிட்ட ஆய்வில், முளைகளின் நுனியை மட்டும் மூடிவைத்தபோது அவை வளையவில்லை. வளைவதற்குக் காரணம் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன். அது நிழல் படும் பக்கம் அதிகமாகச் சேருகிறது, அந்தப் பக்கத்துச் செல்கள் அதிகமாக நீளுகின்றன, அதனால் தண்டு வெளிச்சத்தை நோக்கித் திரும்புகிறது. அதாவது செடியைத் திருப்புவது அதன் இருட்டான பக்கம். பார்த்த இடத்தில் நமக்குத் தோன்றிய பாடத்தில் இது இல்லவே இல்லை.

படி 4: வசனத்திடம் கொண்டுபோங்கள்

இப்போதுதான் வேதத்தைத் திறக்கிறோம். செடி சொல்வதாகத் தோன்றும் காரியம் வேதம் வேறெங்காவது தெளிவாகச் சொல்லும் காரியமா? இருட்டான பக்கமே திரும்பக் காரணமாகிறது என்றால், சங்கீதம் 119-ல் "நான் உபத்திரவப்படுவதற்கு முன் வழிதப்பி நடந்தேன், இப்பொழுதோ உம்முடைய வார்த்தையைக் காத்து நடக்கிறேன்" என்று 67-ம் வசனம் சொல்கிறது. நாலு வசனம் தள்ளி, "நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லது" என்று வருகிறது. பொருந்துகிறது. உபதேசத்தை வசனம் தருகிறது, செடி அதற்கு ஒரு முகம் தருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்காதீர்கள். செடியிலிருந்து புது உபதேசம் எடுக்க ஆரம்பித்தால், நாளைக்குத் தன் குஞ்சைக் கைவிடும் பறவையிடமிருந்தும் ஏதாவது எடுக்க வேண்டிவரும்.

வசனத்தை அதன் சந்தர்ப்பத்தோடு வாசியுங்கள், முன்னும் பின்னும் பத்து வசனமாவது. ஒரு சொல் ஒத்துப்போகிறது என்பதற்காக ஒத்தவாக்கிய அகராதியில் (ஒரு சொல் வேதத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று காட்டும் பட்டியலில்) தேடி எடுத்து ஒட்டுவது வேலைக்கு ஆகாது.

வசனமே கிடைக்கவில்லையா? அப்படியே விட்டுவிடுங்கள். கண்டதை எழுதிய பக்கம் வீணாகாது. பல மாதம் கழித்து வேதம் வாசிக்கும்போது திடீரென்று அந்தப் பக்கம் ஞாபகத்துக்கு வரும். இப்படி வேதத்திலிருந்து காட்சிக்குப் போகும் பாடங்கள்தான் பெரும்பாலும் உறுதியாக இருக்கின்றன.

படி 5: உவமை எங்கே நின்றுபோகிறது?

எல்லா உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. லூக்கா 18-ல் ஜெபத்தைப் பற்றிய உவமையில் அநீதியுள்ள நியாயாதிபதி வருகிறான், அதற்காகத் தேவன் அநீதியுள்ளவர் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. செடியிடம் இதே கேள்வியைக் கேளுங்கள். செடிக்கு விருப்பம் என்று ஒன்று இல்லை, நிழல் விழுந்தால் வளைந்தே தீரும். மனிதர் அப்படி இல்லை. அதே உபத்திரவம் ஒருவரைத் தேவனிடம் திருப்புகிறது, இன்னொருவரைக் கசப்பாக்குகிறது. ஆகவே "கஷ்டம் வந்தால் தானாகத் தேவனிடம் திரும்பிவிடுவாய்" என்று இதிலிருந்து சொல்ல முடியாது, துக்கத்தில் இருக்கிறவரிடம் போய் "இது உனக்கு நல்லதுதான்" என்று சொல்லவும் முடியாது. சங்கீதக்காரன் தன்னைப் பற்றித்தான் அப்படிச் சொன்னான், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி இல்லை.

இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் எல்லையைக் கண்டுபிடித்தபிறகு மிச்சம் இருக்கும் பாடம் சின்னதாக இருந்தாலும் சாயாமல் நிற்கும்.

படி 6: முதலில் உங்களுக்கு

வயலைப் பார்த்தவர் "புத்தியடைந்தேன்" என்கிறார், அந்தச் சோம்பேறியைத் தேடிப்போய்ப் புத்தி சொன்னதாக எழுதவில்லை. நோட்டில் கடைசியாக ஒரே ஒரு வரி எழுதுங்கள், அது "நான்" என்று ஆரம்பிக்கட்டும், இந்த வாரத்தில் செய்யக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். செடியைப் பார்த்தவர் எழுதலாம்: "நான் மூன்று மாதமாக முணுமுணுத்துக்கொண்டிருக்கிற அந்த ஒரு காரியத்தை இன்றைக்கு ஜெபமாகச் சொல்கிறேன்." அப்புறம் அதைச் செய்யுங்கள்.

அன்றாடக் காட்சிகளுக்கு வேறு கேள்விகள்

மனிதர்கள் இருக்கும் இடத்தில் பார்க்கும் முறை கொஞ்சம் மாறும். லூக்கா 14-ல் இயேசு பார்த்தது மனிதர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை. அதையே கேளுங்கள்: இங்கே எல்லாரும் எதைத் தேடுகிறார்கள்? யாரை யாரும் கவனிக்கவில்லை? யாரும் சொல்லாமலே எல்லாரும் ஒத்துக்கொண்டிருக்கும் விதி என்ன?

மருத்துவமனையில் அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். புத்தகம் கையில் இருக்கும், பக்கம் திரும்பாது. கதவு அசைந்தால் அத்தனை தலையும் நிமிரும், வந்தது வேறு யாரோ என்றால் மறுபடி குனியும். "எப்பொழுது விடியும்" என்று காத்திருக்கும் ஜாமக்காரரைப் பற்றிச் சங்கீதம் 130:6 சொல்வதை அங்கே உட்கார்ந்து வாசித்தால், காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை, உடம்பே ஒரு கதவைப் பார்த்துத் திரும்பி இருப்பது என்று தெரியும். நம் ஜெபத்தில் அந்தக் கதவைப் பார்க்கும் பார்வை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. லூக்கா 10-ல் ஆசாரியனும் லேவியனும் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டார்கள், கண்டும் பக்கமாய் விலகிப்போனார்கள். எதிரில் ஒருவருக்கு உதவி தேவை என்றால் நோட்டை மூடுங்கள். அது பாடத்துக்கான நேரம் இல்லை.

சமையலறை, துணி மடிக்கும் இடம், வரிசையில் நிற்கும் நேரம், இவை நல்ல இடங்கள், ஏனென்றால் கை ஒரு வேலையில் இருக்கும்போது மனசு அடங்குகிறது. 17-ம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு மடத்தின் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், தேவ சமுகத்தைப் பானைகளுக்கு நடுவிலே உணர்ந்ததற்காகவே இன்றும் நினைக்கப்படுகிறார். அவரைத் தேவனிடம் திருப்பியதும் ஒரு காட்சிதான்: 18 வயதில், குளிர்காலத்தில் இலையில்லாமல் நின்ற ஒரு மரம். அது மறுபடி துளிர்க்கும் என்ற நினைவே போதுமாக இருந்தது.

எனக்குப் பிடிக்காத ஒரு வகையையும் சொல்லிவிடுகிறேன். "ஜெபம்தான் சார்ஜர், தேவன்தான் நெட்வொர்க்" மாதிரியான உவமைகள். கேட்கச் சுவாரஸ்யம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அதில் தேவன் நமக்கு வேலை செய்யும் ஒரு சாதனமாகிவிடுகிறார், யாரும் எதையும் உற்றுப் பார்க்கவும் இல்லை.

பாடம் வேறு, அடையாளம் வேறு

இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். "வண்ணத்துப்பூச்சி என் தோளில் உட்கார்ந்தது, அதனால் அந்த வேலையை ஏற்கச் சொல்கிறார்" என்பது பாடம் இல்லை, சகுனம் பார்ப்பது. அப்போஸ்தலர் 28-ல் மெலித்தா தீவில் பவுலின் கையை விரியன் பாம்பு கவ்வியது. பார்த்தவர்கள் முதலில் அவரைக் கொலைபாதகன் என்றார்கள், அவருக்கு ஒன்றும் ஆகாததைக் கண்டு தேவன் என்றார்கள். ஒரே சம்பவம், இரண்டு முடிவு, இரண்டும் தப்பு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்க வேண்டாம் என்று இயேசு சொன்னார் (லூக்கா 13:4-5). வெள்ளமோ நோயோ யாருக்கு ஏன் வந்தது என்று வாசித்துச் சொல்லும் வேலை நமக்குக் கொடுக்கப்படவில்லை. முடிவுகளுக்கு வசனம், ஜெபம், நல்ல ஆலோசனை இருக்கின்றன.

ஒன்றும் தோன்றாத நாட்கள்

நிறைய வரும். பாடத்தைக் கசக்கிப் பிழியாதீர்கள். யோபு 38:26-ல், மனுஷர் குடியில்லாத பூமியிலும் தேவன் மழை பெய்யப்பண்ணுகிறார். அந்த மழையை யாரும் பார்ப்பதில்லை, யாருக்கும் அது பிரசங்கக் குறிப்பு ஆவதில்லை. படைப்பு முழுக்க நமக்குப் பாடம் நடத்துவதற்காக மட்டும் இல்லை. அன்றைக்கு நோட்டில் கண்டதை எழுதிவிட்டு, சங்கீதம் 104-ல் ஒரு பகுதியைச் சத்தமாக வாசித்துவிட்டு எழுந்துவிடலாம்.

மற்றவர்களோடு செய்யும்போது

பிள்ளைகளோடு என்றால் முதல் இரண்டு படி மட்டும் போதும். அவர்கள் பார்ப்பதை நீங்கள் எழுதுங்கள், "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்ட நிமிடமே அது பள்ளிக்கூடம் ஆகிவிடும், அவர்களும் உங்களுக்குப் பிடித்த பதிலைத் தேடிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

குழுவாக என்றால் எல்லாரும் ஒரே பொருளைப் பாருங்கள், ஒரு கல்லோ ஒரு விதையோ. முதல் சுற்றில் ஆளுக்கு ஒரு கவனிப்பு, முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது. அடுத்த சுற்றில் கேள்விகள். அதன்பிறகு வசனங்கள், யார் எதைச் சொன்னாலும் அந்த அதிகாரத்தைத் திறந்து சேர்ந்து வாசித்தபின்தான் அடுத்தவர் பேச வேண்டும். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஒரே ஒரு பொருள்தான் முடியும், அதற்கு மேல் திட்டமிட வேண்டாம்.